துக்கம் விசாரிப்பும் போலீஸ் விசாரணையும்

சாவு வீட்டுக்குப் போய்வருவதை நாம் 'துக்கம் விசாரிப்பது' என்கிறோம். போலீஸ்காரர் செய்வதும் விசாரணைதான். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். யோசித்துப் பார்த்தால், போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பதும் அநேகமாக இன்ஸ்பெக்டர் கேட்கும் கேள்விகளைத்தான். எப்படி ஆச்சு? எத்தனை மணிக்கு? அப்போ கூட யார் இருந்தா? கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமோ? வீட்டுக்காரர் அன்றைக்கு முப்பதாவது தடவையாக அதே கதையை அதே வரிசையில் சொல்வார். கேட்டவருக்கு விவரம் கிடைத்துவிட்டது, 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார். சொன்னவர் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார்.

இந்த இரண்டு விசாரணைகளையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றிவைத்த படம் ஒன்று உண்டு. 2012 நவம்பர் 30 அன்று வெளியான 'தலாஷ்'. இயக்கம் ரீமா காக்தி. 'ஹனிமூன் டிராவல்ஸ்' (2007) எடுத்தவர், இது அவருடைய இரண்டாவது படம். கதையை ஸோயா அக்தரோடு சேர்ந்து எழுதினார். ஆமிர் கான், ராணி முகர்ஜி, கரீனா கபூர். தலாஷ் என்றால் தேடல். கூடவே ஆங்கிலத்தில் ஒரு துணைத் தலைப்பும் உண்டு, 'பதில் உள்ளேதான் இருக்கிறது' என்ற பொருளில். அந்தத் துணைத் தலைப்பைப் படமே கடைசியில் கைவிட்டுவிட்டது என்பது என் எண்ணம். அதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லப் போகிறேன். சஸ்பென்ஸ் எல்லாம் உடையும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், பதிவு இங்கேயேதான் இருக்கும்.

கதைச் சுருக்கம். பம்பாயில் ஓர் இரவு. கடற்கரைச் சாலையில் வேகமாக வரும் கார் ஒன்று, குறுக்கே ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று திரும்பிக் கடலுக்குள் பாய்கிறது. ஓட்டி வந்தவன் பிரபல நடிகன் அர்மான் கபூர். விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர் சுர்ஜன் சிங் ஷெகாவத்துக்குச் சமீபத்தில் எட்டு வயது மகன் படகு விபத்தில் நீரில் மூழ்கி இறந்திருக்கிறான். வீட்டில் மனைவி ரோஷ்னி. இருவரும் ஒரே வீட்டில் இரண்டு தனி நாடுகள் மாதிரி வாழ்கிறார்கள். சுர்ஜனுக்குத் தூக்கம் வருவதில்லை. ராத்திரி முழுக்க காரில் சுற்றுகிறான். சிவப்பு விளக்குப் பகுதியில் ரோஸி என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவளோடு பேசும்போது மட்டும் கொஞ்சம் இளகுகிறான். வழக்குக்குத் துப்பும் அவளிடமிருந்துதான் வருகிறது. இன்னொரு பக்கம், பக்கத்தில் குடியிருக்கும் ஃப்ரெனி என்ற பார்சிப் பெண்மணி ரோஷ்னியிடம், உன் மகன் என் மூலமாகப் பேசுகிறான் என்கிறாள். ரோஷ்னி நம்புகிறாள். சுர்ஜனுக்குக் கோபம் வருகிறது. கடைசியில் தெரிவது: ரோஸி மூன்று வருஷம் முன்பே செத்துப்போனவள். அவள் சாவுக்குக் காரணமானவர்களில் அர்மானும் ஒருவன்.

முதலில் இந்தப் படத்தில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன விஷயமில்லை. சுர்ஜன் தனியாக உட்கார்ந்து அந்த விபத்து நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். நடந்தது நடந்தபடி அல்ல, மாற்றி மாற்றி. நான் அப்போது கூப்பிட்டிருந்தால். நான் கூடப் போயிருந்தால். ஒவ்வொரு மாற்றத்திலும் பையன் பிழைத்துக்கொள்கிறான். ஒவ்வொன்றும் முடிந்ததும் சுர்ஜன் மறுபடி அதே இடத்தில் இருக்கிறான். குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் யாரிடமாவது பக்கத்தில் இருந்து பழகியவர்களுக்குத் தெரியும், அவர்கள் ராத்திரியில் செய்துகொண்டிருப்பது இதைத்தான். ஹிந்தி வணிகப் படம் ஒன்றில், அதுவும் ஆமிர் கான் மாதிரியான நட்சத்திரத்தை வைத்து, இதைக் காட்டத் துணிந்தது பெரிய காரியம். கே. யூ. மோகனனின் ராத்திரி பம்பாயும், ராம் சம்பத்தின் இசையும் அந்தத் தூக்கமின்மையை நமக்கும் தொற்றவைக்கின்றன. ராணி முகர்ஜி சேலையில், ஒப்பனை இல்லாமல், வீட்டில் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிகள் தனிப் படமாகவே எடுக்கத் தகுந்தவை.

ஆனால் அந்தத் தனிப் படத்தை எடுக்க விடாமல் கார் கேஸ் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்தப் பகுதி எதற்கு இருக்கிறது என்று புரியவில்லை என்றால், அதைக் கமென்ட் போட்டு அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம். மற்றதெல்லாம் ஓடினால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அர்த்தம். தலாஷில் மகனின் சாவை அணைத்துப் பாருங்கள். அர்மான் கபூர் வழக்கு அப்படியே ஓடும். பிளாக்மெயில், பணப் பை, நவாசுதீன் சித்திக் நடித்த தெஹ்மூர் என்ற நொண்டி எடுபிடி, தேடல், துரத்தல், எதற்கும் ஒரு சேதமும் இல்லை. இப்போது வழக்கை அணைத்துப் பாருங்கள். சுர்ஜன், ரோஷ்னி, ஃப்ரெனி மூவரும் அப்படியே நிற்பார்கள். ஒன்றில்லாமல் மற்றது உயிரோடு இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம்.

இதற்கு ஒரு பதில் சொல்லலாம், நியாயமான பதில்தான். சுர்ஜன் தூங்காமல் அலைவதால்தானே ரோஸியைப் பார்க்கிறான்? துக்கம்தானே அவனுக்கு இறந்தவளைக் காணும் கண்ணைக் கொடுத்தது? சரி, அந்த நூல் இருக்கிறது. ஆனால் இந்த நூல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். உச்சக்கட்டத்தில் சுர்ஜனின் காரும் கடலுக்குள் பாய்கிறது. மூழ்கிக்கொண்டிருப்பவனை ரோஸி வெளியே இழுத்துக் காப்பாற்றுகிறாள். ஆக, ஆவி உண்டு என்று இன்ஸ்பெக்டருக்கு நேரடி ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆதாரம் கிடைத்தபிறகுதான் அவன், ஃப்ரெனி மூலமாக மகன் எழுதியதாக வந்த கடிதத்தைப் படிக்கிறான். உங்கள் மேல் தப்பில்லை என்கிற மாதிரிக் கடிதம். படித்து உடைந்து அழுகிறான். ஆமிர் நன்றாகவே அழுதிருக்கிறார். எனக்கு உறுத்தியது வேறு. இத்தனை நாள் அதே வீட்டில் இருந்துகொண்டு மனைவி சொன்னதை அவன் நம்பவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆவி சாட்சி சொன்னபிறகு நம்புகிறான். அவனுடைய துக்கத்துக்கும் வழக்கைப் போலவே ஃபைலை மூடியாகிவிட்டது.

துக்கத்துக்கு ஆதாரம் தேடுவது படக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. அதற்கு நீண்ட, பரிதாபமான சரித்திரம் இருக்கிறது. நான் கொஞ்ச காலமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆவிகளோடு பேசும் நவீன வழக்கம் 1848ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகளிடமிருந்து தொடங்கியது என்பார்கள். அதன் உச்சம் முதல் உலகப்போர் காலத்தில். லட்சக்கணக்கான வீடுகளில் பையன்கள் திரும்பி வரவில்லை, பல வீடுகளுக்கு உடல்கூட வரவில்லை. அப்படி ஒரு வீடு சர் ஆலிவர் லாட்ஜுடையது. சாதாரண ஆளில்லை. இயற்பியலாளர், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் தலைவர், 1894லேயே கம்பியில்லாமல் சைகை அனுப்பிக் காட்டியவர். அவருடைய கடைசி மகன் ரேமண்ட் 1915 செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஈப்ர அருகே ஷெல் துண்டு பட்டு இறந்தான். அடுத்த வருஷமே லாட்ஜ் 'ரேமண்ட்' என்ற தலைப்பில் தடிமனான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டது.

அந்தப் புத்தகத்தின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். முதல் பகுதியில் ரேமண்ட் போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். இரண்டாவது பகுதியில் மீடியங்கள் மூலமாக வந்த செய்திகள். மூன்றாவதில் லாட்ஜின் தத்துவம். இரண்டாவது பகுதியில் புகழ்பெற்ற 'ஆதாரம்' ஒன்று வருகிறது: ரேமண்ட் சக அதிகாரிகளோடு எடுத்துக்கொண்ட குழுப் புகைப்படம். அது வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே மீடியம் அதைப் பற்றிச் சொன்னாராம். லாட்ஜ் அதை ஆய்வுக்கூடக் குறிப்பு மாதிரி, தேதி வாரியாக, யார் எப்போது என்ன சொன்னார் என்று பதிவு செய்கிறார். படிக்கும்போது மனசு கனக்கிறது. மகனைப் பற்றிய அவருடைய ஏக்கம் எல்லாம் அந்தத் தேதிகளுக்குள்ளும் அடைப்புக்குறிகளுக்குள்ளும் போய் ஒளிந்துகொள்கிறது. ரேமண்டை உயிரோடு நம் முன்னால் நிறுத்துவது எது என்று கேட்டால், முதல் பகுதிதான். உயிரோடு இருந்தபோது அவனே எழுதிய சாதாரணக் கடிதங்கள். செத்தபின் அவன் பேசியதாகச் சொல்லப்படும் பக்கங்களில் அவன் இல்லை. அங்கே ஒரு வழக்குத்தான் இருக்கிறது.

அடுத்தது ஆர்தர் கானன் டாயில். மகனைப் போரில் பறிகொடுத்ததால் ஆவி நம்பிக்கைக்குப் போனார் என்று பலரும் எழுதுகிறார்கள். தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. அவர் தன் நம்பிக்கையை 1916லேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டார். மகன் கிங்ஸ்லி சோம் போரில் காயப்பட்டு, பிறகு காய்ச்சல் கண்டு இறந்தது 1918 அக்டோபரில். தம்பி இன்னிஸ் 1919 பிப்ரவரியில். சாவுகள் நம்பிக்கையை உண்டாக்கவில்லை, வேகப்படுத்தின. மிச்ச வாழ்நாளை எல்லாம் ஊர் ஊராகப் போய் இதைப் பற்றிப் பேசுவதிலேயே செலவழித்தார்.

உலகத்துக்கே துப்பறியும் கதையைப் பழக்கிக்கொடுத்த மனிதர் இவர். ஷெர்லக் ஹோம்ஸை வைத்து ஒரே ஒரு கதை எழுதி, ஹோம்ஸ் ஆவியை நேரில் பார்த்து நம்பிவிட்டார் என்று முடித்திருந்தால் அவருடைய பிரசாரத்துக்கு எவ்வளவு லாபம்! செய்யவில்லை. 1924ல் வெளிவந்த சஸெக்ஸ் ரத்தக்காட்டேரிக் கதையில் ஹோம்ஸ் ஆவிகளுக்கெல்லாம் தன்னிடம் இடமில்லை என்கிற தோரணையில்தான் பேசுகிறார். ஆசிரியர் அப்போது மேடை மேடையாக ஆவியுலகம் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்து 'தி லேண்ட் ஆஃப் மிஸ்ட்' என்ற நாவலில் தன்னுடைய இன்னொரு பாத்திரமான பேராசிரியர் சேலஞ்சரை ஆவி நம்பிக்கைக்கு மாற்றினார். சேலஞ்சரைப் பலி கொடுத்தார், ஹோம்ஸைத் தொடவில்லை. ஏன் என்று அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் தொழில் தெரிந்த எழுத்தாளர். ஹோம்ஸ் கதையில் எல்லாக் கேள்விக்கும் கடைசிப் பக்கத்தில் பதில் வந்தாக வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குள் சொந்தப் பிள்ளையின் சாவை அவர் கொண்டுவரவே இல்லை. தலாஷ் எழுதியவர்கள் சேர்த்துவைத்த இரண்டையும் இவர் தனித்தனியாகவே வைத்திருந்தார்.

தலாஷின் கடிதத்துக்கு நேரடி மூதாதையும் டாயில் வீட்டிலிருந்துதான் வருகிறது. 1922 ஜூன். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி. டாயிலும், மாயவித்தைக்காரர் ஹூடினியும் அப்போது நண்பர்கள். ஹூடினிக்கு அம்மா என்றால் உயிர். 1913ல் அவர் ஐரோப்பாவில் நிகழ்ச்சிக்காகப் போயிருந்தபோது அம்மா இறந்துபோனார். அந்தக் குறை அவரை விடவில்லை. டாயிலின் மனைவி ஜீன் தானாக எழுதும் சக்தி உள்ளவர் என்று நம்பப்பட்டவர். அதாவது ஆவி வந்து கையைப் பிடித்து எழுதவைக்கும், ஃப்ரெனி செய்வது மாதிரிதான். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஹூடினியின் அம்மாவிடமிருந்து 15 பக்கம் எழுதினார். பாசம் பொங்கும் கடிதம். மேலே ஒரு சிலுவைக் குறி. மொழி ஆங்கிலம்.

ஹூடினியின் அப்பா யூத மத குரு. அம்மாவுக்கு ஆங்கிலம் சரியாகப் பேச வராது. சிலுவை போட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிற அம்மா அவருக்குத் தெரிந்த அம்மா இல்லை. அங்கேயே ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு பகிரங்கமாகச் சொன்னார், நட்பு முறிந்தது. 1924ல் மீடியங்களின் தந்திரங்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். டாயில் தம்பதி ஏமாற்றுக்காரர்கள் இல்லை, கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் துக்கத்தில் இருப்பவனிடம் 'இதோ ஆதாரம்' என்று நீட்டினால், அந்த நிமிஷமே அவன் ஆதாரத்தைச் சோதிப்பவன் ஆகிவிடுகிறான். அம்மாவின் நினைவை வைத்துக்கொண்டு கையெழுத்து நிபுணர் வேலை பார்க்கவேண்டியதாகிவிட்டது அவருக்கு. திரில்லர் பார்வையாளர்களான நமக்கும் இதே கதிதான். தலாஷ் முடிந்து வெளியே வந்தால், அப்பா அழுததைப் பற்றிப் பேசமாட்டோம். ரோஸியை முன்னாடி வேறு யாராவது பார்த்தார்களா, அந்தக் காட்சியில் அவளிடம் யாராவது பேசினார்களா என்று ஓட்டைகளைத் தேடிக்கொண்டிருப்போம். 1999ல் 'சிக்ஸ்த் சென்ஸ்' வந்தபிறகு உலகம் பூராவும் இந்த வியாதி இருக்கிறது.

மறுபடி பம்பாய்க்கு வருவோம். ஏனென்றால் இதே ஊரில், இதே மாதிரி ஒரு கணவன் மனைவியை வைத்து, தலாஷுக்கு 28 வருஷம் முன்பே ஒரு படம் வந்திருக்கிறது. மகேஷ் பட்டின் 'சாராம்ஷ்' (1984). ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் பி. வி. பிரதான், மனைவி பார்வதி. நியூயார்க்குக்குப் படிக்கப்போன ஒரே மகனை வழிப்பறிக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். பிரதானாக நடித்த அனுபம் கேருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மகனின் அஸ்தியை வாங்கக் கிழவர் சுங்க அலுவலகத்துக்குப் போய் நிற்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மற்றவர்கள் டிவியும் ஃபிரிட்ஜும் எடுக்க வந்திருக்கும் இடத்தில் இவர் மகனின் சாம்பலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கவனியுங்கள், அந்தப் படத்தில் ஒரு கொலை இருக்கிறது. கொன்றது யார் என்ற கேள்வியைப் படம் எழுப்புவதே இல்லை. நியூயார்க் போலீஸ் வரவில்லை, துப்பு வரவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற இடத்தில் கிழவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். நம் பழைய கதையிலும் அப்படித்தான் இல்லையா? தசரதன் இருட்டில் சத்தம் கேட்டு அம்பு விட்டு, பார்வையற்ற பெற்றோரின் ஒரே பிள்ளையைக் கொல்கிறான். கொன்றவனே தண்ணீரோடு போய், நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிடுகிறான். மர்மம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோகிறது. மிச்சம் இருப்பது புத்திர சோகம் மட்டும். அது அந்தப் பெற்றோரையும் கொன்று, வருஷக்கணக்காகக் காத்திருந்து தசரதனையும் கொல்கிறது.

சாராம்ஷில் ஆவி நம்பிக்கைக்குப் பதிலாக மறுபிறவி நம்பிக்கை. வீட்டில் வாடகைக்கு இருக்கும் சுஜாதா கர்ப்பமாகிறாள். அந்தக் குழந்தையாகத் தன் மகனே திரும்பி வருகிறான் என்று பார்வதி பிடித்துக்கொள்கிறாள். தலாஷில் ரோஷ்னி இருக்கும் அதே இடம். பிரதான் நாத்திகர், சுர்ஜன் இருக்கும் அதே இடம். சுஜாதாவின் காதலனுடைய அப்பா ஓர் அரசியல்வாதி. அவர் ஆட்களை ஏவி மிரட்டும் பகுதி ஒன்று வருகிறது. சாராம்ஷிலும் கொஞ்சம் திரில்லர் வாடை அடிக்கிற, கொஞ்சம் பலவீனமான பகுதி அதுதான். ஆனால் அந்த மிரட்டல் எதைக் குறிவைக்கிறது? பார்வதி தன் மகன் என்று நம்பும் கர்ப்பத்தை. அணைத்துப் பார்க்கும் சோதனையை இங்கே செய்தால் படமே நின்றுவிடும். அதைவிட முக்கியம், மறுபிறவி உண்மை என்று மகேஷ் பட் ஒரு சின்ன அடையாளம்கூடக் காட்டவில்லை. அந்தப் பெண்ணை வேறெங்காவது போய் வாழ அனுப்பிவிட்டு, பெண்டாட்டியிடம் அவன் வரமாட்டான் என்று பிரதானே சொல்லவேண்டியிருக்கிறது. அவருக்கு உதவ எந்த ரோஸியும் வரவில்லை. அதனால் அவர் பெண்டாட்டியிடம் பேசித்தான் ஆகவேண்டும்.

ரீமா காக்தி என்ன செய்திருக்கலாம் என்று யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது நன்னி மொரெட்டியின் இத்தாலியப் படம், 'மகனின் அறை'. 2001ல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. ஆச்சரியம் என்னவென்றால் தலாஷில் இருக்கும் உறுப்புகள் பெரும்பாலும் இதிலும் இருக்கின்றன. மகன் கடலுக்குள் டைவிங் போய் இறக்கிறான். அப்பா மனநல ஆலோசகர். அந்த ஞாயிற்றுக்கிழமை மகனோடு ஓடப்போவதாக இருந்தவர், நோயாளி ஒருவர் அவசரமாகக் கூப்பிட்டதால் அங்கே போய்விட்டார். பிறகு சுர்ஜன் மாதிரியேதான் அந்த நாளை மாற்றி மாற்றி மனசுக்குள் ஓட்டுகிறார். விசாரணையும் உண்டு. டைவிங் கருவியில் கோளாறு இருந்திருக்குமோ என்று தேடிக்கொண்டு போகிறார். அதில் ஒன்றும் இல்லை. அது துக்கத்தின் இன்னொரு முகம் என்று நமக்குப் புரிகிறது, கதையும் அந்த வழியில் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. கடிதமும் உண்டு. செத்துப்போன பையனுக்கு, அவன் செத்தது தெரியாமல், ஒரு பெண் எழுதிய காதல் கடிதம் வந்து சேர்கிறது. செத்தவன் எழுதியதல்ல, செத்தவனுக்கு வந்தது. அப்பா பதில் எழுத உட்கார்ந்து எழுத முடியாமல் தவிக்கிறார். கடைசியில் அந்தப் பெண்ணே நேரில் வருகிறாள், வேறொரு பையனோடு. இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு குடும்பம் ராத்திரி முழுக்க ஓட்டிப் பிரான்ஸ் எல்லைவரை கொண்டுபோய் விடுகிறது. அவ்வளவுதான் முடிவு. யாரும் யாரையும் மன்னிக்கவில்லை, எதுவும் நிரூபணமாகவில்லை.

திரில்லரைச் சேர்த்தாலே கெட்டுவிடும் என்று சொல்லவரவில்லை. நிக்கோலஸ் ரோகின் 'டோன்ட் லுக் நவ்' (1973) இருக்கிறதே. டாஃப்னே டு மாரியரின் சிறுகதை. கதையில் சிறுமி மூளைக்காய்ச்சலில் இறக்கிறாள். படத்தில் அதை மாற்றி, சிவப்பு மழைக்கோட்டோடு குளத்தில் மூழ்கவைத்தார்கள். அப்பா வெனிஸில் பழைய தேவாலயம் ஒன்றைச் சீரமைக்கப் போகிறார். அங்கே இரண்டு சகோதரிகள். அவர்களில் பார்வையற்றவள், உங்கள் மகளைப் பார்த்தேன் என்கிறாள். அம்மா நம்புகிறாள், அப்பா நம்பவில்லை. ஃப்ரெனியும் ரோஷ்னியும் எங்கிருந்து வந்தார்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பக்கம்தான் கை காட்டுவேன். ஊரில் தொடர் கொலைகள் வேறு. ஆனால் அந்தக் கொலைகாரச் சந்துக்குள் அப்பாவை இழுத்துக்கொண்டு போவது எது? தூரத்தில் ஓடும் சிவப்புக் கோட்டு போட்ட சின்ன உருவம். மகளைப் பறிகொடுக்காத ஒருவன் அதன் பின்னால் போயிருக்கவே மாட்டான். துக்கத்தை அணைத்தால் திரில்லர் செத்துவிடும். இங்கேயும் ஆவி பார்ப்பது உண்மைதான் என்று படம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த உண்மை அவனுக்கு ஆறுதல் தரவில்லை, அவன் உயிரை எடுக்கிறது.

தலாஷ் குழுவினரின் நிலைமையையும் பார்க்கவேண்டும். 'த்ரீ இடியட்ஸ்' (2009) என்ற மாபெரும் வெற்றிக்குப் பிறகு, நடுவில் 'தோபி காட்' என்ற சிறிய படத்தைத் தவிர, ஆமிர் கான் முக்கிய வேடத்தில் திரையில் வரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டேகால் மணி நேரம் ஓர் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் இருப்பதை மட்டும் எடுக்கிறேன் என்றால் எந்தத் தயாரிப்பாளர் சரி என்பார்? ஒரு வழக்கு, ஒரு முடிச்சு, தியேட்டரில் இருந்து வெளியே வந்து 'சொல்லிடாதே' என்று நண்பர்களிடம் சொல்ல ஒரு ரகசியம், இதெல்லாம் வேண்டியிருந்திருக்கும். அந்த ரகசியத்தின் தோளில் ஏறித்தான் சுர்ஜனின் தூக்கமின்மை இத்தனை பேரிடம் வந்து சேர்ந்தது என்பதையும் மறுக்கமாட்டேன்.

ஆனால் ரகசியத்துக்கு ஆயுள் ஒரே தடவைதான். முடிச்சு தெரிந்தபிறகு இரண்டாம் முறை தலாஷைப் போட்டுப் பாருங்கள். பணப் பையைத் துரத்தும் காட்சிகள் வரும்போது கை தானாக ரிமோட்டைத் தேடும். கரீனாவின் காட்சிகளில் இயக்குநர் எங்கெங்கே ஜாக்கிரதையாக மறைத்திருக்கிறார் என்று பார்த்து ரசிக்கலாம், அதுவும் ஒரு சுவைதான். ராணி முகர்ஜி வரும் இடங்கள் மட்டும் அப்படியே இருக்கும். மகன் பேசினான் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் ரோஷ்னி. அவன் கத்துகிறான். அந்தச் சண்டை முடிந்ததும் அவன் சாவியை எடுத்துக்கொண்டு வழக்கைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறான், கேமராவும் அவன் பின்னாலேயே போய்விடுகிறது. வீட்டில் தனியாக நிற்கிறவள் அடுத்த பத்து நிமிஷம் என்ன செய்தாள் என்பதை ஒவ்வொரு தடவையும் பார்க்க ஆசைப்படுகிறேன்.